எண்பத்தேழாம் தனிமமும் மார்கரித் பெரேயும்

தனிம வரிசை அட்டவணையில் சீசியத்துக்குக் கீழே ஓர் இடம் நிரப்பப்படாமல் இருப்பதை உணர்ந்த ருசிய வேதியியலாளர் மெந்தலீவ், அவ்விடத்துக்குரிய தனிமம் சோடியம், பொட்டாசியம் முதலிய கார உலோகங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்று 1870-களிலேயே முன்னறிவித்தார். அணு எண் 87 கொண்ட அத்தனிமத்தைக் கண்டுவிட்டதாக 1930-இல் அமெரிக்காவின் ஃபிரெட் ஆலிசனும், 1936-இல் ருமேனியாவின் ஹோரியா ஹுலுபெயும் அறிவித்து அதற்குப் பெயரும் சூட்டினர். ஆயினும் அக்கூற்றுகள் நிலைபெறவில்லை. 1939-இல் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் பாரிஸின் ரேடியம் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகப் பணிபுரிந்த, பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றிராத, 29 வயதுப் பெண்ணான மார்கரித் பெரே ஆவார்.

1909-ஆம் ஆண்டு பாரிஸ் நகரை அடுத்த வில்மோம்ப்ல் என்னும் ஊரில் பிறந்த பெரே, இளமையிலேயே தந்தையை இழந்தார். மருத்துவம் பயிலும் விருப்பத்துக்குக் குடும்பத்தின் பொருள்நிலை இடம்தராததால், பெண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளியொன்றில் சேர்ந்து 1929-இல் வேதியியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் மேரி கியூரி அவரை நேர்காணல் செய்து தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்.

அங்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, ஆக்டினியத்தைத் தூய்மைப்படுத்துவதாகும். 1899-இல் ஆந்த்ரே தெபியெர்ன் கண்டறிந்த இக்கதிரியக்கத் தனிமம், யுரேனியத் தாதுவில் மிகச் சிறிய அளவிலேயே கிடைப்பதோடு, வேதிப் பண்புகளில் லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களை ஒத்திருப்பதால் அவற்றிலிருந்து எளிதில் பிரிவதில்லை. கரைத்தல், வீழ்படிவாக்கல், படிகமாக்கல் ஆகிய செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்து பிரித்தாலும், கதிரியக்கச் சிதைவினால் தோரியம், ரேடியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகள் அதனுள் மீண்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். இவ்வாறு ஓர் அணு சிதைந்து பிறக்கும் அணுக்களைச் சேய்த் தனிமங்கள் என்பர். இவை பெருகுமுன் தூய ஆக்டினியத்தின் கதிர்வீச்சை அளக்க வேண்டுமாயின், பிரித்தெடுக்கும் கைக்குத் துல்லியமும் விரைவும் ஒருசேரத் தேவை. பத்தாண்டுப் பயிற்சியில் பெரே அடைந்திருந்தது இந்த அரிய தேர்ச்சியே.

1939 ஜனவரியில், அப்போதுதான் தூய்மைப்படுத்திய ஆக்டினியத்தை உடனடியாக அளந்த அவர், முதலில் இல்லாத ஊடுருவும் பீட்டா கதிர்வீச்சு படிப்படியாகக் கூடி, இரண்டு மணி நேர அளவில் நிலைபெறுவதைக் கவனித்தார். அறியப்பட்ட சேய்த் தனிமங்கள் எதனாலும் இதனை விளக்க இயலவில்லை. ஆக்டினியம்-227 பெரும்பாலும் பீட்டா துகளை, அதாவது எலக்ட்ரானை வெளியிட்டுத் தோரியமாக மாறுகிறது. ஆனால் நூறு அணுக்களில் ஒன்றிரண்டு மட்டும் ஆல்ஃபா துகளை, அதாவது ஹீலியத்தின் அணுக்கருவை வெளியிடுகின்றன. அவ்வாறு வெளியிடும்போது அணு எண் 89-இலிருந்து இரண்டு குறைந்து 87 ஆகிறது. புதிய பொருளின் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம், ஏறத்தாழ 22 நிமிடம் மட்டுமே. தனித்து எடைபோட்டுக் காட்ட இயலாத அப்பொருள், சீசியம் பெர்குளோரேட்டுடன் சேர்ந்து படிகமாவதைக் காட்டி, அது கார உலோகமே என்று அவர் மெய்ப்பித்தார். அவருடைய குறிப்பை இயற்பியலாளர் ழான் பெர்ரன் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

அதன் பின்னரே சோர்போனில் உரிய பாடங்களைப் பயின்று, 1946-இல் இத்தனிமம் குறித்த ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்ற பெரே, தம் நாட்டின் நினைவாக அதற்குப் பிரான்சியம் என்னும் பெயரை முன்மொழிந்தார். 1949-இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு வேதியியல் துறையின் தலைமையை ஏற்றார். 1666-இல் நிறுவப்பட்டதும், 1911-இல் மேரி கியூரியையே ஏற்க மறுத்ததுமான அறிவியல் கழகம், 1962-இல் அவரைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது; அக்கழகத்தில் எவ்வகை உறுப்பினராகவும் இடம்பெற்ற முதல் பெண் அவரே. எனினும் முழு உறுப்பினராக ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட 1979 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிரான்சியம் புற்றுநோயைக் கண்டறிய உதவும் என்று பெரே நம்பினார். ஆனால் போதிய பாதுகாப்பின்றிக் கதிரியக்கப் பொருள்களைக் கையாண்ட ஆண்டுகள் அவரையே புற்றுநோய்க்கு உள்ளாக்கின. நெடுங்காலம் அதனோடு போராடி 1975 மே மாதம் அவர் காலமானார். எளிதில் சிதைந்துவிடுவதால் பிரான்சியத்துக்கு வணிகப் பயன் ஏதும் இல்லை. ஆயினும் மிகுந்த எடையும் எளிய எலக்ட்ரான் அமைப்பும் ஒருங்கே கொண்ட அதன் அணுக்களைத் துகள்முடுக்கிகளில் உருவாக்கி, லேசர் ஒளியால் சிறைப்படுத்தி, அணுக்கருவின் வலுகுறைந்த விசையை இயற்பியலாளர்கள் இன்று ஆராய்கின்றனர்.

தூய்மைப்படுத்துதல் என்பது பெரும் சிந்தனைக்கு முந்தைய துணைவேலை என்று கருதும் வழக்கம் அறிவியல் உலகில் நெடுங்காலமாக உண்டு. அந்த வேலையின் செம்மையே ஒரு தனிமத்தைக் கண்டறியும் சிந்தனைக்கு வழிவகுத்தது என்பதைப் பெரேயின் வாழ்க்கை நிறுவுகிறது. ஆய்வகங்களில் பெயர் வெளித்தெரியாமல் உழைக்கும் உதவியாளர்களின் கைத்திறனையும் கூர்ந்த கவனத்தையும் அறிவாகவே மதித்து, உரிய வாய்ப்பையும் பாதுகாப்பையும் அவர்களுக்கு அளிப்பதே அவருக்குச் செய்யத்தக்க சிறந்த மரியாதையாகும்.