காகித நட்சத்திர விளக்கு: ஆர்டருக்கு முன் ஒரு மாதிரி

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் சாந்தோம், லஸ், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் சுற்றுவட்டாரக் கடைகளில் காகித நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிடும். மளிகை, பேன்சி, ஸ்டேஷனரி என்ற பேதமில்லை. நாலு வார வியாபாரம்தான். டிசம்பர் 25 தாண்டினால் கேட்பாரில்லை. தங்கிய சரக்கு பரணில் ஈரம் ஏறி, மடிப்போடு மடிப்பு ஒட்டி, அடுத்த சீசனில் பாதி கழிவாகப் போய்விடும். ஆகவே இது சரக்கு நன்றாக இருந்தால் லாபம், கொஞ்சம் பிசகினாலும் முதலுக்கே மோசம் என்ற வகையைச் சேர்ந்த வியாபாரம்.

மயிலாப்பூரில் கடை வைத்திருக்கும் அடியேன் ஒரு வருஷம் படத்தை மட்டும் பார்த்து முந்நூறு நட்சத்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். தயாரித்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். கட்டாகப் பார்த்தபோது அச்சு, வண்ணம் எல்லாம் அருமை. வாங்கிப் போனவர்கள் மறுநாளே திரும்பி வந்தார்கள். பிரித்துக் கட்டினால் முதல் முனைக்கும் ஐந்தாவது முனைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. நூலை இறுக்கினால் காகிதம் கிழிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, வாடிக்கையாளர் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கடைகளில் விற்கும் மடக்கு நட்சத்திரத்தில் ஒவ்வொரு முனையும் தனித்தனி அட்டை. இதை இதழ் என்று வைத்துக் கொள்வோம். ஐந்து இதழ்களும் அடிப்பகுதியில் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுப் புத்தகம் போல மடங்கும். விரித்து முதல் இதழையும் கடைசி இதழையும் நூலால் கட்டினால் வட்டம் மூடும். வட்டம் 360 பாகை. ஐந்தால் வகுத்தால் இதழுக்கு 72. இதழ் 70 பாகையில் வெட்டப்பட்டிருந்தால் மொத்தம் 350தான் வரும், பத்து பாகை இடைவெளி நிற்கும். 74 ஆகிவிட்டால் காகிதம் உப்பிக்கொண்டு மடங்கும். தனி இதழில் இரண்டு பாகைப் பிசகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஐந்தையும் சேர்த்தால்தான் தெரியும். அதற்குள் முந்நூறும் வெட்டி முடிந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் வடிவம் செய்வதன் பயன் இங்கேதான். ஓர் இதழை நீள, அகல, ஆழத்தோடு திரையில் வரைந்து, அதையே ஐந்து முறை சுற்றி வைத்துப் பார்த்தால் இடைவெளி உடனே தெரியும். காகிதச் செலவில்லை, மாற்றுவதும் எளிது. அடுத்து, முப்பரிமாண வடிவத்தைத் தட்டையாக விரித்துத் தர வேண்டும். இனிப்புப் பெட்டியின் மூலைகளைப் பிரித்து மேஜையில் போட்டால் ஒரே அட்டையாக விரிகிறதல்லவா, அதே வேலைதான். இதற்கென்றே ஜப்பானில் பெபாகுரா என்ற மென்பொருள் செய்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரிலும் காகித மாதிரிக்கான துணை நிரல் உண்டு. விரித்த படத்தை, நமக்குப் பில் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துத் தரும் டி.டி.பி. சென்டரிலேயே கோரல் டிராவில் திறந்து, மடிப்புக் கோடு, ஒட்டும் விளிம்பு, பூ வேலைத் துளைகளைச் சேர்த்துக் கொள்ளலாம். உறுப்பினர் வீடுகளில் இன்ஜினியரிங் அல்லது கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டு செய்துவிடுவார்கள்.

ஆனால் திரையில் சரியாக இருந்தால் கையிலும் சரியாக இருக்கும் என்று நம்பி அடுத்த தவறைச் செய்துவிடக் கூடாது. காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் வெடித்து வெள்ளை தெரியும். கம்ப்யூட்டருக்கு இது நாம் சொன்னால்தான் தெரியும். அட்டையின் கனமும் அப்படியே: ஐந்து இதழும் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கும்போது கட்டு தடித்துப் போகும். பூ வேலைத் துளைகள் நெருங்கிவிட்டால் நடுவில் நிற்கும் அட்டை நூல் போலாகித் தொங்கும்போதே அறுந்துவிடும்.

ஆகவே கையால் செய்யும் மாதிரி அவசியம். முதலில் ஏ4 தாளில் பாதி அளவில் ஒன்று செய்தால் கோணமும் ஒட்டும் வரிசையும் சரியா என்று தெரியும். பிறகு விற்கப்போகும் அதே அட்டையில் முழு அளவில் இரண்டு மூன்று. வெட்டுவதற்கு ஸ்டிக்கர் கடைக்காரரின் கட்டிங் பிளாட்டர் போதும். பொறுமை இருந்தால் பிளேடும் ஸ்கேலும் போதும். ஐம்பது முறை மடக்கி விரித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் ஓர் இரவு மாடிக் கூரையடியில் தொங்கவிட்டுக் காலையில் முனை தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மைதா பசை மலிவுதான். ஆனால் பரணில் அது பூச்சியையும் எலியையும் அழைக்கும் என்பதை மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலந்தார்கள். அது விஷம், குழந்தைகள் தொடும் பொருளில் வேண்டாம். வெள்ளைக் கோந்தே நல்லது.

விளக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனையை விடக் கூடாது. பழைய 60 வாட் குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியேற்றும். காகிதத்தில் பட்டால் கருகிவிடும். எல்.இ.டி. பல்புக்கும் அடிப்பகுதி சூடாகும் என்பதால் பல்பைச் சுற்றி நாலு பக்கமும் இடைவெளி வரும்படி வடிவத்தைத் திரையிலேயே அமைத்துக் கொள்ள வேண்டும். ஆறு மணி நேரம் எரியவிட்டு உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். நட்சத்திரத்தின் எடையை மின்சார ஒயர் தாங்கக் கூடாது, தனிக் கயிறு வேண்டும்.

இனி நம்மவர்களுக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம். ஆண்டர்சன் தெருவில் நாம் வாங்கும் அட்டை அளவுகளில் ஒன்று 23க்கு 36 அங்குலம். விரித்த இதழ் 11க்கு 9 அங்குலம் என்றால் ஒரு ஷீட்டில் எட்டு இதழ்தான் அடங்கும். ஐந்து ஷீட்டில் நாற்பது இதழ், அதாவது எட்டு நட்சத்திரம். இதழின் இடுப்பைச் சற்று ஒல்லியாக்கி 11க்கு 7 என்று கொண்டுவந்தால் ஷீட்டுக்குப் பத்து இதழ். அதே ஐந்து ஷீட்டில் பத்து நட்சத்திரம். தொங்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கொள்முதலில் தெரியும். திரையில் இருக்கும்போது இந்த மாற்றம் சில நிமிட வேலை. டை செய்த பிறகு என்றால் புது டைதான் போட வேண்டும்.

டை செலவையும் யோசிக்க வேண்டும். ஒரு டைக்கு மூவாயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொண்டால், நூறு நட்சத்திரத்துக்கு அது தலைக்கு முப்பது ரூபாய். ஆயிரத்துக்கு மூன்று ரூபாய். ஆகவே முதல் வருஷம் ஐம்பது, நூறு என்று பிளாட்டரில் வெட்டி விற்றுப் பார்த்து, ஓடுகிற வடிவத்துக்கு மட்டும் டை போடுவது புத்திசாலித்தனம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே டையைப் பயன்படுத்தி, வண்ணத்தை மட்டும் அவரவர் விருப்பப்படி மாற்றிக் கொள்ளவும் முடியும்.

இந்த வியாபாரத்தின் ஆதியும் ஒரு மாதிரிதான். ஜெர்மனியில் 1830களில் மொராவியச் சபையார் நடத்திய பள்ளியில் கணித வகுப்புக்காகக் காகிதத்தில் செய்த நட்சத்திரம் பிற்காலத்தில் ஹெர்ன்ஹுட் ஊரின் பெயரால் புகழ்பெற்று விற்பனைக்கு வந்தது. பதினேழு நாற்பக்க முனை, எட்டு முப்பக்க முனை, ஆக 25. இருபத்தாறாவது பக்கம் தொங்கவிடவும் விளக்குக்கும். அதே சபையார் 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள், ஆனால் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடியேற்றம் முடிந்துவிட்டது. ஜப்பானின் கிஃபு ஊரில் 1951ல் சிற்பி இசாமு நொகுச்சி செய்யத் தொடங்கிய அகாரி விளக்குகள் மூங்கில் வளையத்தின்மேல் காகிதம் ஒட்டியவை. தட்டையாக மடங்குவதால் கப்பலில் ஏற்றவும் கடையில் அடுக்கவும் இடம் கம்மி. மடங்கும் விளக்கின் அருமை வாடகை கொடுக்கும் நமக்குத் தெரியாதா!

கடைசியாக ஒரு சட்ட விஷயம். உங்கள் நட்சத்திரத்தின் தோற்றமோ பூ வேலையோ புதிதாக இருந்தால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். பாதுகாப்பு பத்து வருஷம், மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். சாதாரண ஐந்து முனை நட்சத்திரத்துக்கு இது கிடைக்காது, அது எல்லோருக்கும் பொது. காப்புரிமை அலுவலகத்தின் சென்னைக் கிளை கிண்டியில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்த வடிவம் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கக் கூடாது என்பது விதி. மாதிரி நன்றாக வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் கடை வாசலில் தொங்கவிட்டு நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் போகும்வரை அது வீட்டு மாடியிலேயே தொங்கட்டும்.