குதிரைகள் தாங்கும் கூரை

ஆங்கில நாட்டுப் பிரபுக்களின் கிராம மாளிகைகளில் கனத்த சுவரே தலைமை பெறும். குளிருக்கு அதுவே அரண். நம் திருவனந்தபுரத்திலோ தடுக்க வேண்டுவன வெயிலும் மழையும். ஆதலின் இங்குத் தலைமை கூரைக்கே உரியது.

வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே கிழக்குக் கோட்டையை அடைந்து, பத்மநாபசுவாமி கோயிலின் தென்கிழக்கே செல்வோர் இவ்வுண்மையைக் குதிரைமாளிகையில் காணலாம். 1829 முதல் 1846 வரை அரசாண்ட சுவாதித் திருநாள் மகாராஜா எழுப்பியது அது. நன்கு சரிந்த ஓட்டுக்கூரை மழைநீரை நிற்கவிடாது வடித்துவிடுகிறது. சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பாகிய இறவாரம், கீழுள்ள மரவேலைகளை நனையாது காக்கிறது.

நீண்ட இறவாரம் தானே நிற்குமோ? அதனைத் தாங்க மரத் தாங்குகட்டைகள் வேண்டும். தெற்குக் கூரையைத் தாங்கும் அக்கட்டைகளில் செதுக்கப்பட்டவையே, மாளிகைக்குப் பெயர் தந்த 122 குதிரைகள். அணியும் பணியும் அங்கு ஒன்றாயின.

மன்னர் மறைந்தபின் மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. இன்று அதன் ஒரு பகுதி அருங்காட்சியகமாக விளங்குகிறது. மரக் கட்டடத்திற்குப் பூட்டு மட்டும் காவலாகாது. ஓர் ஓடு உடைந்தால் நீர் உத்தரத்தை அடையும். உத்தரம் உளுத்தால் குதிரையும் நிலைகுலையும். சிற்பத்தை வியக்கும் நாம், மழைக்காலத்திற்கு முன் ஓடு மாற்றும் தொழிலாளியையும் போற்றக் கடமைப்பட்டுள்ளோம்.