குறைமாதக் குழந்தையின் கண்ணைத் தொலைவிலிருந்து பார்ப்பது எப்படி?

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் இறுதி வாரங்களில்தான் அதன் விளிம்பை எட்டும் என்பதால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அவை பாதியில் நின்று, பிறகு தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும். இதுவே குறைமாத விழித்திரை நோய். பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை வேண்டும். ஆனால், செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற ஊரிலிருந்து அதற்குரிய நிபுணரைத் தேடிப் பச்சிளம் சிசுவுடன் பேருந்தேறுவது எளிதன்று.

கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய ‘கிட்ராப்’ திட்டத்தில், சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, சிறு கவ்வியால் இமைகளைப் பிரித்து, அகலக்கோணக் கேமராவின் முனையைக் கருவிழிமீது மெல்லப் பதித்துத் தொழில்நுட்பர் (மருத்துவர் அல்லர் என்பதே இதில் துணிச்சலான பகுதி) எடுக்கும் படங்கள், இணையவழியே பெங்களூரு நிபுணரை அடைகின்றன. நோய் முற்றியிருந்தால் ஓரிரு நாளில் லேசர் சிகிச்சை தேவை. அதற்கு மட்டும் மருத்துவர் நேரில் வந்தாக வேண்டும்.