நாகோல்டு ஆற்றங்கரைச் சிற்றூர்

தாய்மொழி வழங்காத ஊர்களில் மனை அமைத்து வாழும் நேயர்களுக்கு, ஜெர்மனியின் தென்மேற்கே கருங்காட்டு மலைகளிடையே அமைந்த கால்வ் என்னும் சிற்றூரை இன்று அறிமுகம் செய்ய விழைகிறோம். உள்ளூரார் அதனைக் 'கல்ஃப்' என்றே ஒலிப்பர்.

இருமருங்கும் மலை, நடுவே நாகோல்டு என்னும் சிறிய ஆறு. சிறியதாயினும் அதன் பயணம் நெடிது. மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து முற்காலத்தில் இவ்வாற்றில் விடுவர். அவை என்ஸ், நெக்கார், ரைன் ஆறுகளின் வழியே ஹாலந்து நாட்டை அடைந்து கப்பல்களாயின. கம்பளித் துணியும் தோலும் ஊரின் ஏனைத் தொழில்கள். 1634இலும் 1692இலும் போர்த் தீ ஊரை அழித்தது. மரச்சட்டம் பூட்டிய இன்றைய வீடுகளிற் பல அதன்பின் எழுந்தவை. அவற்றினும் பழையது, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் கற்பாலத்தின் மீது கட்டப்பெற்ற நிக்கோலாஸ் சிற்றாலயம். ஆற்றோடு சற்றுக் கீழே சென்றால், அதே 1692இல் எரிந்த ஹிர்சாவ் மடத்தின் இடிபாடுகளைக் காணலாம்.

ஆயினும் நம்மை இவ்வூருக்கு ஈர்ப்பது ஒரு வீடு. ஹெர்மன் குண்டர்ட் 1836இல் சென்னையில் வந்திறங்கியவர். தமிழ் பயின்று, திருநெல்வேலியில் தங்கி, 1839இல் தலச்சேரி சேர்ந்தார். 1859இல் உடல் நலிந்து தாயகம் திரும்பிய பின்னும் அவர் மலையாளத்தை விடவில்லை. கால்வ் நகரில் ஒரு பதிப்பகத்தை நடத்திக்கொண்டே தம் மலையாள அகராதியை முடித்தார். 1872இல் அது மங்களூரில் அச்சேறியது. மலையாளம் வழங்காத பள்ளத்தாக்கில் அமர்ந்து அச்சொற்களைச் சரிபார்த்த உழைப்பு எளிதன்று.

அவருடைய மகள் மேரி 1842இல் தலச்சேரியில் பிறந்தவர். மேரியின் மகனே எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1877இல் இவ்வூரில் பிறந்தார். 1886இல் அக்குடும்பம் பாட்டனாரின் வீட்டிற்கே குடிவந்தது. பாட்டனாரும் தாயாரும் இந்திய மொழிகளில் உரையாடுவர். ஒன்பது வயதுச் சிறுவனுக்கோ பொருள் விளங்காது. விளங்காத அவ்வொலிகளை மந்திரம் போல் கேட்டு நின்றதை அவர் பின்னாளில் எழுதினார். 1922இல் வெளிவந்த 'சித்தார்த்தா'வின் தொடக்கத்தை நாம் அந்த வீட்டில்தான் தேடுவோம்.

தம் கதைகளில் இவ்வூருக்குக் 'கெர்பர்சாவ்' என்று அவர் பெயரிட்டார்; கெர்பர் என்றால் தோல் பதனிடுவோர். 2002 முதல் அப்பாலத்தின் மீது அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. கீழே தெப்பங்கள் இல்லை. நீர் மட்டும் ஓடுகிறது.