குளிர்சாதனப் பெட்டிக்கும் ஓர் இருப்புப் பட்டியல்

நடைமுறை மூலதனக் கடன் பெற்ற வணிகர்கள் மாதந்தோறும் வங்கிக்கு ஓர் இருப்புப் பட்டியல் தருவது வழக்கம். கிடங்கில் என்ன சரக்கு உள்ளது, அது எப்போது வாங்கப்பட்டது, இன்றைய மதிப்பு என்ன என்பனவெல்லாம் அதில் இருக்கும். அவ்வப்போது நாமும் நேரில் சென்று சரிபார்ப்போம். நெடுநாள் விற்காமல் தேங்கிய சரக்கைக் கடன் வரம்புக் கணக்கில் சேர்க்க மாட்டோம். இருபது ஆண்டுகளாகப் பிறர் கிடங்குகளை இவ்வாறு பார்த்துவரும் நாம், நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் குளிர்ந்த கிடங்கை ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை என்பது சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமையில்தான் உறைத்தது.

ஆண்டுக் கணக்கு முடிப்பை ஒட்டிய இரண்டு வாரங்கள் வங்கிக் குடும்பங்களில் எப்படிக் கழியும் என்று விளக்க வேண்டியதில்லை. இரவு வீடு திரும்பும் வழியில் செம்பூர் நிலையத்தருகே கைக்கு அகப்பட்டதை வாங்கிவந்து பெட்டிக்குள் திணித்தோம். சமைக்க நேரமில்லாத நாள்களில் வெளியிலிருந்து உணவு வந்தது. அதன் மிச்சமும் உள்ளே போயிற்று. கணக்கு முடிந்த பின் பெட்டியைத் துடைக்க முற்பட்டபோது வெளிவந்தவை இவை: வெவ்வேறு நாள்களில் உடைத்த மூன்று தேங்காய் மூடிகள், அவற்றுள் ஒன்றில் பூஞ்சணம், ஒன்று தீருமுன் அடுத்ததைப் பிரித்த மூன்று பட்டாணிப் பொட்டலங்கள், கறுத்துக் குழைந்த கொத்தமல்லி, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிய இட்லி மாவு, எந்த நாளைய குழம்பு என்று இருவருக்கும் நினைவில்லாத இரண்டு டப்பாக்கள். தூக்கி எறிந்தவற்றின் விலையை ஒரு தாளில் குறித்துக் கூட்டினோம். ஒரு வாரக் காய்கறிச் செலவுக்குச் சற்றே குறைவாக இருந்தது.

நாம் குடியிருப்பது தேவ்நாரில். டாடா சமூக அறிவியல் கழகம் இங்குதான் உள்ளது. மக்கள்தொகை ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனமும் இங்குதான். ஆயினும் தேவ்நார் என்றதும் மும்பைவாசிகள் நினைப்பது குப்பை மேட்டைத்தான். 1927 முதல் மாநகரின் கழிவைத் தாங்கிவரும் அந்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 130 ஹெக்டேர். இப்போது பெரும்பகுதிக் குப்பை காஞ்சூர்மார்க்கிற்குப் போகிறது என்றாலும், மலையாகக் குவிந்தது குவிந்தபடியே நிற்கிறது.

2016 ஜனவரி இறுதியில் அந்த மேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. நாசாவின் செயற்கைக்கோள் படங்களிலும் அப்புகை பதிவாயிற்று. சுற்றுவட்டாரத்து மாநகராட்சிப் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சன்னல்களை அடைத்து, ஈரத்துணியைக் கீழே செருகி உட்கார்ந்திருந்தோம். காய்கறியும் சோறும் காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. எளிதில் எரியக்கூடிய வாயு அது. நாம் எறிந்த முட்டைக்கோஸ் அந்தப் புகைக்கு எவ்வளவு உதவிற்று என்று யாராலும் கணக்கிட முடியாது. உதவவில்லை என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சியது எல்லாமே குப்பைக்குப் போனதில்லை. வீட்டு வேலைக்குச் சீட்டா கேம்ப்பிலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணியிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு. அதை ஒரு நற்செயலாகவே எண்ணியிருந்தோம். அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள், எறியாமல் எடுத்துவைத்திருந்த ஒரு டப்பாவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. “அக்கா, குடுக்கிறதுன்னா அன்னைக்கே குடுத்துடுங்க. மூணு நாள் கழிச்சுக் குடுத்தா உங்க வீட்டுக் குப்பைய எங்க வீட்டுல கொண்டுபோய்க் கொட்டுறதுதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: நாம் உண்ணத் தயங்குவதைப் பிறருக்குத் தருவதில்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். இதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கான மதிப்பீடு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ. தோல், எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனினும் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 220 கிலோ என்று பெருக்கிப் பார்க்கையில் மனம் சற்றுக் கனக்கிறது.

பரிகாரமாக நாங்கள் செய்தது அலுவலகப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். பெட்டியின் கதவில் ஒரு தாள். அதில் பொருள், உள்ளே வைத்த நாள், எந்த நாளுக்குள் தீர்க்க வேண்டும் என மூன்று பத்திகள். கண்மட்டத்தில் உள்ள தட்டு ‘முதலில் தீர வேண்டியவை’ என்பதற்கு ஒதுக்கப்பட்டது. முன்பெல்லாம் “இன்று என்ன சமைக்கலாம்?” என்று கேட்டுக்கொண்டு, பிறகு அதற்கு வேண்டியதை வாங்கப் போவோம். இப்போது அந்தத் தட்டைப் பார்த்த பின்புதான் பேச்சே தொடங்குகிறது. கடைக்குப் போகுமுன் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறோம். மாதுங்காச் சந்தையில் வாழைப்பூவும் சேனையும் சின்ன வெங்காயமும் கண்ணில் பட்டால் மும்பைத் தமிழரின் கை சும்மா இராது. அப்போது அந்தப் படம் சற்றே தடுத்து நிறுத்துகிறது. எப்போதும் நிறுத்திவிடுகிறது என்று சொல்ல மாட்டோம்.

இவ்வகையில் நம் சமையல் பேருதவி செய்கிறது. ஒவ்வொன்றிலும் கைப்பிடியளவே காய் இருந்தால் அவியல், கதம்ப சாம்பார், கூட்டு. மாவு முதல் இரு நாள் இட்லி, அடுத்து தோசை, புளிப்பேறினால் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். கல்யாண வீட்டில் மிஞ்சிய குழம்பையும் கறிகளையும் ஒன்றாகச் சுண்ட வைத்து, விருந்தைவிட அதையே மெச்சிச் சாப்பிடும் ஊர்கள் நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் உண்டு. பெட்டி வராத காலத்தில் வற்றலும் வடகமும் ஊறுகாயும் செய்த வேலையைத்தான் இன்று ஃப்ரீசர் செய்கிறது. ஒரு வேற்றுமை உண்டு: வற்றல் பானை கண்ணெதிரே இருந்தது, ஃப்ரீசரில் வைத்தது மறந்துபோகிறது.

ஆகவே ஃப்ரீசருக்குத் தனித் தாள் வைத்தோம். துருவிய தேங்காய், புளிக்காய்ச்சல், வேகவைத்த கொண்டைக்கடலை, கழுவித் துண்டாக்கிய மீன் ஆகியவை அங்கே நன்றாக இருக்கின்றன. வெள்ளரிக்காய் நீர்விட்டுத் துவள்கிறது, தயிர் திரிந்து நிற்கிறது, உருளைக்கிழங்கு போட்ட குழம்பு மணல்போல் ஆகிவிடுகிறது. இம்மூன்றும் சோதித்துத் தோற்றவை. எதையும் ஒருவேளைக்குரிய அளவாகப் பிரித்து வைப்பது முக்கியம். பெரிய கட்டியாக உறைந்ததை முழுதும் உருக்கி, பாதியை மீண்டும் உறைய வைப்பது சுவைக்கும் நல்லதன்று, உடலுக்கும் நல்லதன்று. உருக்குவதையும் முன்னிரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிச் செய்வது நலம். சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைத்திருக்கலாகாது.

சிக்கனம் என்ற பெயரில் துணிந்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. பெட்டியின் குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். சமைத்தது ஆறட்டும் என்று மும்பையின் புழுக்கத்தில் இரவு முழுதும் வெளியே விடுவது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி உள்ளே வைத்துவிட வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழிவதில்லை. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னது இங்குப் பொருந்தாது. பொட்டலத்து உணவில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பிரித்தறிய வேண்டும். காலாவதித் தேதி கடந்தால் எறிய வேண்டியதுதான். ‘இந்நாளுக்கு முன் பயன்படுத்துவது சிறப்பு’ என்ற தேதி தரத்தைக் குறிப்பது. அது கடந்த மறுநாளே பருப்புப் பொட்டலத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

பட்டியல் எழுதத் தவறும் வாரங்கள் எங்களுக்கும் வருகின்றன. மார்ச் மாதம் மறுபடி வரத்தானே செய்கிறது. ஆனால் அந்த இரு வாரங்களுக்கு இப்போது பிப்ரவரியிலேயே புளிக்காய்ச்சலும் கடலையும் ஃப்ரீசரில் ஏறிவிடுகின்றன. இதை எழுதும் இன்று கதவுத் தாளில் உள்ளவை: அரை முட்டைக்கோஸ், இரண்டு கேரட், ஒரு தேங்காய் மூடி, மூன்றாம் நாள் மாவு. முட்டைக்கோஸையும் கேரட்டையும் பொடியாக அரிந்து ஊத்தப்பம், தேங்காயில் சட்னி என்று இரவுக்கு முடிவாகிவிட்டது. வாங்க வேண்டியது கறிவேப்பிலை மட்டும்.