ஆன்லைன் கேசினோவுக்கு இங்கே உரிமம் கிடையாது

இன்ஸ்டாகிராமில் ஒரு சமையல் வீடியோவுக்கும் ஒரு தேர்த்திருவிழா வீடியோவுக்கும் நடுவில் அந்த ரீல் வந்து நிற்கிறது. ஒரு கை, ஒரு செல்போன், திரையில் மேலேறிக்கொண்டே போகும் சின்ன விமானம். 500 ரூபாய் கட்டியவருக்குச் சில விநாடிகளில் 9,000 ரூபாய். அடுத்த நொடி, பணம் வரவானதாக வங்கிக் குறுஞ்செய்தி. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘அரசு உரிமம் பெற்றது’ என்று ஒரு வரி.

ஆட்டத்தைச் சந்தேகிப்பவர்கள்கூட அந்த வரியை நம்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆன்லைன் கேசினோ நடத்த யாரும் உரிமம் பெற முடியாது. 2023 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று சொல்லி அந்தத் தடையிலிருந்து விலக்கியது. ரூலெட், ஸ்லாட் போன்ற அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. அதன் பிறகு, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதிக்கிறது. கோவாவிலும் சிக்கிமிலும் கேசினோ இருக்கிறதே என்றால், அந்த உரிமம் அந்தந்த மாநில எல்லைக்குள்தான் செல்லும். விளம்பரங்கள் அடிக்கடி காட்டும் ‘குராசோ உரிமம்’ கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு தருவது. அதை வைத்து இங்கே ஒருவரிடமும் பணம் வசூலிக்க முடியாது.

ஆகவே, இந்தக் கேசினோ நம்பகமானதா, அந்தக் கேசினோ நம்பகமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம். விளம்பரம் கேசினோவுக்கானது என்று தெரிந்தால் போதும், விலகிவிடலாம். அது தெரியாமல் மறைப்பதில்தான் இவர்கள் கைதேர்ந்தவர்கள்.

சூதாட்ட நிறுவனங்கள் தங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, பின்னால் ‘நியூஸ்’ என்று ஒட்டியோ விளையாட்டுச் செய்தித் தளமாக விளம்பரம் கொடுக்கின்றன. சின்னமும் நிறமும் மாறுவதில்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரிலேயே இந்த மறைமுக விளம்பரங்களைக் குறிப்பிட்டு, தொலைக்காட்சிகளையும் இணையதளங்களையும் எச்சரித்தது. இன்னொரு வேடம், பிரபலங்களின் முகம். 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு கேமிங் செயலியைப் பரிந்துரைப்பதாகவும், தன் மகள் அதில் தினமும் சம்பாதிப்பதாகச் சொல்வதாகவும் ஒரு வீடியோ பரவியது. அது போலி என்று அவரே எக்ஸ் தளத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை. ரீலில் வரும் வெற்றித் தொகையை ‘டெமோ’ கணக்கில் காட்டிவிடலாம். வங்கிக் குறுஞ்செய்தியையும் அப்படியே உருவாக்கிவிடலாம்.

முகத்தை நம்பாதீர்கள், பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். விளம்பரத்தைத் தொட்டதும் டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகிறது. அங்கே ஒருவர் ‘ஐடி’ போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செயலியைப் பிளே ஸ்டோரில் தேடாமல், அவர் அனுப்பும் ஏபிகே ஃபைலை இறக்கச் சொல்கிறார். பணம் கட்ட ஒரு கியூஆர் கோடு வருகிறது. ஸ்கேன் செய்தால் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு துணிக்கடையின் பெயரோ முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயரோ வருகிறது. அடுத்த முறை கட்டும்போது வேறு பெயர். இவை வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள். கமிஷன் தருகிறோம் என்று மாணவர்களிடமும் வேலையில்லாதவர்களிடமும் வாங்கியவை. அப்படிப்பட்ட கணக்கிலிருந்து உங்களுக்கு ஜெயித்த பணமே வந்தாலும், வேறொருவர் கொடுத்த மோசடிப் புகாரின் தொடர்ச்சியாக உங்கள் கணக்கும் முடக்கப்படலாம்.

போனஸ் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய் கட்டினால் 5,000 ரூபாய் போனஸ் என்கிறார்கள். நிபந்தனைகளைத் திறந்தால், போனஸைப் போல முப்பது மடங்கு பந்தயம் கட்டிய பிறகே பணத்தை எடுக்கலாம் என்று இருக்கும். அதாவது 1,50,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். நூறு ரூபாய்ப் பந்தயத்தில் சராசரியாக ஐந்து ரூபாய் நிறுவனத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இழப்பது 7,500 ரூபாய். கையில் இருந்ததோ போனஸையும் சேர்த்து 6,000.

அதையும் தாண்டி ஜெயித்தவரிடம், ‘30 சதவீத வரியை முதலில் கட்டுங்கள், பணத்தை விடுவிக்கிறோம்’ என்கிறார்கள். இது அப்பட்டமான மோசடி. ஜெயித்த தொகைக்கான வரியை அந்தத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வதுதான் வருமான வரி நடைமுறை. உங்களைப் புதிதாகப் பணம் போடச் சொல்லும் வரி கிடையாது.

இப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டால், அந்தத் தளத்திலேயே ‘ரிப்போர்ட்’ செய்யுங்கள். கூடவே ஸ்கிரீன்ஷாட்டையும் இணைப்பையும் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் வாட்ஸ்அப் எண் 77100 12345-க்கு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரம் செய்பவருக்கு மாநிலச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டு, 50 லட்சம் வரை உயர்கிறது. ஊரில் நான்கு பேருக்குத் தெரிந்த ரீல்ஸ் பிரபலமும் இதிலிருந்து தப்ப முடியாது. ‘விளம்பரம்தானே, பேசிக் கொடுத்தேன்’ என்ற பதில் எடுபடாது.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்பு நிறுத்திவைக்க வாய்ப்புள்ளது முதல் சில மணி நேரத்தில்தான். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண், பணம் பெற்ற யுபிஐ ஐடி, உரையாடல்கள், விளம்பரத்தின் இணைப்பு எல்லாம் வேண்டும். அவமானத்தில் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள், ஆதாரமே அவைதான்.

‘நானும் ஆடியிருக்கிறேனே, என் மீதே வழக்கு வருமா?’ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் மாநிலச் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுக்கும் இடமுண்டு. தயக்கம் இருந்தால் 15100-ல் இலவச சட்ட உதவி கேட்டுவிட்டுப் புகார் கொடுங்கள். ‘கமிஷன் கொடுத்தால் போன பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று வரும் அழைப்புகளுக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். பணம் இழந்தவர்களின் எண்களைத் தேடிப்பிடித்துச் செய்யும் அடுத்த மோசடி அது.

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருந்தால், அவருடைய சம்மதத்தோடு வங்கிச் செயலியில் யுபிஐ வரம்பைக் குறைத்துவையுங்கள். எங்கெங்கே கடன் வாங்கினார் என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள், கந்துவட்டியும் கடன் செயலியும் அதில் முதலில் வரட்டும். அவர் பேச்சில் விரக்தி தெரிந்தால் தனியே விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.