ஆசிரியர் கையில் கைபேசி, மாணவர் கையில் அட்டை

கைபேசி வழிக் கற்பித்தல் என்றால் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கருவி இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே பரவலாக நிலவுகிறது. செலவு, கவனச்சிதறல், இணைய வசதியின்மை ஆகிய தடைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன. 2018இல் பிரான்சு பள்ளிகளில் கைபேசிப் பயன்பாட்டுக்குச் சட்டத்தடை விதித்ததும், கற்றலுக்குத் தெளிவாகத் துணைபுரியும்போது மட்டுமே வகுப்பறையில் அதற்கு இடமளிக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை வலியுறுத்தியதும் முதன்மையாக மாணவரிடம் உள்ள கருவியைக் கருதியே. ஆசிரியரிடம் மட்டும் ஒரு கைபேசி இருந்தால் என்ன செய்ய இயலும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உருவாக்கிய ‘பிளிக்கர்ஸ்’ என்னும் செயலி இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்படும் கியூஆர் குறியீட்டை ஒத்த கறுப்பு வெள்ளை வடிவம் கொண்ட தாள் அட்டை ஒவ்வொரு மாணவருக்கும் வழங்கப்படுகிறது. அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு விடைகளுக்குரிய எழுத்துகள் சிறிதாக அச்சிடப்பட்டிருப்பதால், தாம் தேர்ந்த எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பி உயர்த்த, ஆசிரியர் தம் கைபேசியின் கேமராவை வகுப்பின் மீது மெல்ல நகர்த்தியதும் யார் எந்த விடையைத் தேர்ந்தார் என்பது திரையில் பதிவாகிறது. அட்டைக்கு அட்டை வடிவம் மாறுபடுவதால் பக்கத்து மாணவரின் அட்டையைப் பார்த்து விடையைக் காப்பியடிப்பது எளிதன்று. கை உயர்த்தச் சொல்லும் வழக்கமான முறையில் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின்வரிசையும் கை தூக்கும் சிக்கல் இதனால் பெருமளவு நீங்குகிறது.

இவ்வாறு திரட்டிய விடைகளை என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசுர் 1990களில் வளர்த்தெடுத்த, மாணவர் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்கும் முறை வழிகாட்டுகிறது. சரியான விடை ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும். 70க்கு மேல் இருந்தால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். இடைப்பட்ட நிலையில் அருகிருப்பவரோடு காரணம் சொல்லி வாதிட வைத்து அதே வினாவை மறுபடி கேட்க வேண்டும்.

இங்கு வினாவின் தரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லும் வினாவில் 5/6 என்ற விடையோடு 2/5 என்பதையும் வைத்தால், தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டுகிறவர்கள் யார் என்று அந்த ஒரு தவறான விடையே காட்டிக்கொடுத்துவிடும். பொருளற்ற எண்களை நிரப்பினால் எத்தனை பேர் தவறினர் என்பது மட்டுமே தெரியவரும், ஏன் தவறினர் என்பது தெரியாது. நான்கு விடைகளுக்குள் அடங்காத கட்டுரைத் திறனையும் கணக்கின் படிநிலைகளையும் இம்முறையால் அளக்க இயலாது என்பதும் உண்மை.

மாசுரின் முறையைக் கையடக்க மின்கருவி கொண்டும் வெறும் அட்டை கொண்டும் நடத்தி ஒப்பிட்ட நத்தானியேல் லாஸ்ரியின் 2008ஆம் ஆண்டு ஆய்வில் இரு பிரிவினரின் கற்றலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி விடைகளை விரைந்து எண்ணித் தந்து ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது; கற்றலை வளர்ப்பதோ நல்ல வினாவும் அதையொட்டிய வாதமுமே. ஆதலால் கருவி வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையேனும் வினா அமைக்கும் பயிற்சிக்குப் பள்ளிகள் செலவிட வேண்டும்.